சாய்கிற வண்டியில் லிவர் யார் கையில்?

1

உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது கதையாகத் தொடங்கவில்லை, புகார்க் கடிதமாகத் தொடங்கியது. எங்கள் குடியிருப்பில் வண்டி நிறுத்தும் இடத்துக்கு நேர் மேலே என் வீடு. தரைத்தள வீட்டுக்காரர் நான்கு மாதமாக அங்கே இரும்புக் குழாயை அறுக்கிறார், ஒட்டுகிறார், மனம் மாறி மறுபடி அறுக்கிறார். அந்தச் சத்தத்தில் என்னால் ஒரு வாக்கியத்தைக்கூட முழுதாக

[இது இப்படியே இருக்கட்டும். கடிதத்திலும் இதே இடத்தில்தான் நின்றது.]

"மேற்படி நபர் அனுமதியின்றி" என்று எழுதிய பிறகு, மேற்படி நபர் என்னதான் செய்கிறார் என்று விளக்க வேண்டி வந்தது. கீழே போய் விசாரித்தேன். அங்கேதான் கெட்டது. மூன்றாம் பக்கத்தில் அவர் மனைவி கடிதத்துக்குள் நுழைந்துவிட்டாள். அதற்குமேல் அதைக் குடியிருப்புச் சங்கத் தலைவருக்கு எப்படி அனுப்புவது?

2

தொடக்கம் ஒன்று: "வளைவில் சாயத் தெரிந்த அவருக்கு, வாழ்க்கையில் வளைந்துகொடுக்க..." [அடித்துவிட்டேன். இப்படித் தொடங்கும் கதைகளை நானே படிப்பதில்லை.]

தொடக்கம் இரண்டு: அவர் பல்செட் செய்கிறவர்.

இது தேவலை. பல் மருத்துவர்கள் அனுப்பும் அச்சை வைத்துப் பல் வரிசை கட்டுவது அவர் தொழில். கால் மில்லிமீட்டர் பிசகினாலும் பிரித்துவிட்டு மறுபடி செய்வார். குடியிருப்பில் அவர் பெயர் பல்லுக்காரர். எதையும் முதலில் மெழுகில் செய்து பார்த்தால்தான் அவருக்குத் திருப்தி. ஆகவே அவர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், உள்ளங்கை அகலத்தில், ஈறு நிறத்தில் இரண்டு குட்டி வண்டிகள் நின்றன. இரண்டுக்கும் மும்மூன்று சக்கரம்.

ஒன்றாவதில் முன்னால் இரண்டு சக்கரம், பின்னால் ஒன்று. வளைவில் பைக் சாய்வதுபோல மொத்த வண்டியும் சாயும். ஓட்டுகிறவருக்குப் பின்னால் ஒரு சீட்டு. இரண்டாவதில் முன்னால் ஒன்று, பின்னால் இரண்டு. முன்பாதி மட்டும் சாயும். பின்பாதி ஒரு பெட்டி, நிமிர்ந்தபடியே வரும். உள்ளே உட்கார்ந்திருப்பவர் சிந்தாமல் டீ குடிக்கலாம்.

எதைக் கட்டுவது? நான்கு மாதமாக என் தூக்கம் போனது இந்த ஒரு கேள்வியால்தான்.

3

வண்டி மனைவிக்காக. இதைச் சொல்லாமல் இரண்டு பகுதி ஓட்டியது என் தப்பு.

அவள் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். "மூச்சை இழுத்துப் பிடிங்க, அசையாதீங்க" என்று நாளைக்கு அறுபது பேரிடம் சொல்கிறவள். இருவருக்கும் ஒரே தெருவில் வேலை. ஒரே நேரத்தில் கிளம்புவார்கள். அவர் பைக்கில், அவள் பஸ்ஸில். பஸ்ஸுக்குப் பின்னாலேயே புகையைக் குடித்துக்கொண்டு போவார். ஒருநாளும் முந்தியதில்லை.

ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு வளைவில் மணல் கிடந்தது. இருவரும் பைக்கிலிருந்து விழுந்தார்கள். அவருக்குத் தோள்பட்டை எலும்பு விட்டுப்போனது. சிராய்த்த முழங்கையோடு அந்த எக்ஸ்ரேயை அவள்தான் எடுத்தாள். டாக்டர், நர்ஸ், அவள் தம்பி எல்லோரும் சுற்றி நிற்க, அவர் வாயைத் திறந்தார்.

"நான் சாஞ்சேன். இவ சாயல. அதான் விழுந்தோம்."

மறுநாளிலிருந்து பஸ்.

[அன்று என்ன வேகத்தில் போனார் என்று கேட்டேன். வெயிலைப் பற்றிப் பேசினார்.]

[இன்னொன்று. அவருக்கு மட்டும் 'அவர்', எனக்கு 'அவளா' என்று அவளே கேட்டாள். இருவரையும் 'அவர்' என்று எழுதினால் யார் சாய்ந்தது, யார் சாயவில்லை என்று வாசகருக்குக் குழப்பமாகிவிடும் என்றேன். "ஆறு வருஷமா எங்க வீட்டுலயும் அதாங்க குழப்பம்" என்றாள்.]

4

மெழுகு வண்டிகள் நின்ற மேசையைச் சுற்றி மூன்று பேர். மூன்றாவது ஆள் மச்சினன். இவன் கதைக்குத் தேவையா என்று இரண்டு நாள் யோசித்தேன். தேவையில்லை. ஆனால் நல்ல வசனமெல்லாம் இவனிடம்தான் இருக்கிறது.

"மூணு சக்கரத்துல ஏற்கெனவே ஒரு வண்டி ஓடுதே மச்சான். அதுக்குப் பேரு ஆட்டோ."

"அது சாயாதுடா."

"சாயாத வரைக்கும் சந்தோஷம்தானே?"

பல்லுக்காரர் அவனை விட்டுவிட்டு மனைவியைப் பார்த்தார். "உனக்கு எது பிடிச்சிருக்கு?"

அவள் இரண்டாவது வண்டியை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். "இதுல நான் சாய வேண்டாமா?"

"வேண்டாம். நீ பாட்டுக்கு நேரா உக்காந்து வரலாம்."

"அதாவது, எனக்குச் சாயத் தெரியாதுன்னு வண்டி கட்டி ஊருக்கே காட்டப் போறீங்க."

"சரி, அப்ப ஒண்ணாவது?"

"அது, இனிமேலாவது சாயக் கத்துக்கோன்னு சொல்ற வண்டி."

இந்த இடத்தில் அவர் மன்னிப்புக் கேட்டுவிட்டால் கதை முடிந்துவிடும். நானும் நிம்மதியாகத் தூங்குவேன். மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

அவர் மெல்ல, "அன்னிக்கு..."

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "பாரு, அன்னிக்கு நான் கொஞ்சம்..."

அவர் தண்ணீர் குடித்தார்.

மூன்றாவதுதான் நம்பும்படி இருக்கிறது.

5

அவள் ஒன்றாவது வண்டியை மேசையில் நிறுத்தப் பார்த்தாள். அது பொத்தென்று ஒருபக்கம் படுத்தது.

"நின்னா விழுந்துடுமா?"

பல்லுக்காரர் முகம் மலர்ந்தது. வண்டியைப் பற்றிய கேள்வி என்றால் அவருக்குச் சர்க்கரை. "விழாது, அதுக்கு லாக் இருக்கு. ஒரு லிவர். அதை இழுத்தா வண்டி அப்படியே நிமிர்ந்து நின்னுக்கும். சிக்னல்ல காலே ஊன்ற வேண்டாம்."

"ஓடும்போது இழுத்தா?"

"இழுக்கவே கூடாது. அப்புறம் சாயாது. சாயாத வண்டியை வேகமா திருப்பினா கவுந்துரும்."

"மெதுவா திருப்பினா?"

"மெதுவா போனா ஒண்ணும் ஆகாது."

அவள் வண்டியைக் கீழே வைத்தாள். "ஒண்ணாவதே கட்டுங்க. லிவரை என் சீட்டுப் பக்கம் வைங்க."

"அது ஓட்டுறவன் கையில இருக்கணும்மா. அதான் முறை."

"அப்ப ஓட்டுறவரு தனியாவே போகட்டும்."

அவள் விவரம் புரிந்துதான் கேட்டாள். லிவர் அவள் கையில் இருந்தால், எப்போது இழுப்பாளோ என்று வளைவுக்கு வளைவு அவர் வேகத்தைக் குறைத்தே தீர வேண்டும். அதற்குச் சம்மதிப்பதும், அன்று விழுந்தது வேகத்தால்தான் என்று ஒப்புக்கொள்வதும் ஒன்றே. அதுவும் இரும்பில் பற்றவைத்து, பெயின்ட் அடித்து.

[விஷயம் தெரிந்த வாசகர்களுக்கு: பின்சீட்டில் அப்படியொரு லிவர் வைப்பது ஆபத்து. எனக்கும் தெரியும். என்மேல் கடிதம் எழுத வேண்டாம்.]

6

மூன்று வாரம் கீழே சத்தமே இல்லை. கேட்ட அமைதி கிடைத்துவிட்டது. எனக்கோ ஒரு வரி ஓடவில்லை. பொழுது போகாமல் முடிவுகள் எழுதினேன்.

முடிவு அ: மச்சினன் யோசனைப்படி ஆளுக்கொரு லிவர். [அது வண்டியா, சங்கமா?]

முடிவு ஆ: அவர் பைக்கை விற்றுவிட்டு அவளோடு பஸ் ஏறுகிறார். [அழகாக இருக்கிறது. ஆனால் நான்கு மாதம் காதைக் கொடுத்தவன் நான். எனக்கு வண்டி வேண்டும்.]

பொறுக்கமாட்டாமல் கீழே இறங்கிப் போனேன். பாதி கட்டிய வண்டியின் எதிரே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். பாவமாக இருந்தது.

"சார், உங்க கதையில லிவரை எங்க வெச்சிருக்கீங்க?"

"நீங்க வெச்சாத்தானே நான் வைக்க முடியும்?"

"அறுபத்தஞ்சு" என்றார். "அந்த வளைவுக்கு முப்பதே ஜாஸ்தி."

"அவங்ககிட்ட சொன்னீங்களா?"

"உங்ககிட்டயே இப்பத்தான் சொல்றேன்."

7

அடுத்த ஞாயிறு காலை பத்து மணிக்குக் கீழே குழாய் அறுபட்டது. அவ்வளவு இனிமையான சத்தத்தை நான் கேட்டதே இல்லை.

லிவர் பின்சீட்டின் வலப்பக்கம் வந்தது. அதன் பிடிக்கு, பல் அச்சு எடுக்கும் மாவை அவள் உள்ளங்கையில் அழுத்தி, "அஞ்சு நிமிஷம் அசையாதே" என்று அவளிடமே சொல்லி அச்சு எடுத்தார். பல்செட்டுக்கு ஊற்றும் அதே ஈறு நிறப் பிளாஸ்டிக்கில் பிடியை வார்த்தார். ஐந்து விரலும் பள்ளம் பள்ளமாகப் பதிந்திருந்தன. மச்சினன் அதைப் பார்த்துவிட்டு, "அக்காவைக் கடிக்காம இருந்தா சரி" என்றான். மன்னிப்பு என்ற சொல்லை யாரும் பேசவில்லை.

வண்டி முடிந்த அன்று அவள் ஏறி உட்கார்ந்தாள். பிடியைப் பிடித்தாள். வண்டி கேட்டைத் தாண்டியது. தெருக்கோடியில் தண்ணீர்த் தொட்டி, அங்கே இடப்பக்கம் முதல் வளைவு. பல்லுக்காரர் வேகத்தைக் குறைத்தார். திரும்பிப் பார்க்காமல் கேட்டார்:

"சாயலாமா?"

[நான் பால்கனியில் நிற்கிறேன். அங்கிருந்து இது காதில் விழாது. விழுந்ததாக வைத்துக்கொள்ளுங்கள்.]

அவள் பதிலை எழுதிப் பார்த்தேன். "ம்" என்று போட்டால் ஆறு வருஷத்தை ஒரே எழுத்தில் மன்னித்ததாகிவிடும். அவளுக்குப் பதிலாக அதைச் செய்ய நான் யார்? லிவரை இழுக்கவைக்கலாம் என்றால், பேனா நகர மறுக்கிறது. பல்லுக்காரரை எனக்குப் பிடித்துப்போய்விட்டது.

ஆகவே பின்சீட்டை உங்களுக்கு விடுகிறேன். ஏறி உட்காருங்கள். பிடி உங்கள் கைக்குச் சரியாகப் பொருந்தாது, அவள் கைக்குச் செய்தது, பொறுத்துக்கொள்ளுங்கள். தொட்டி நெருங்கிவிட்டது. மனிதர் முதல்முறையாகக் கேட்டிருக்கிறார். ஏதாவது சொல்லுங்கள்.