நியாயக் காப்பியும் லாட்ஜ் போர்வைகளும்

தம்பி கடை திறந்த அன்றைக்கே அக்கா ஒரு முடிவெடுத்துவிட்டாள். காப்பி நன்றாக இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி, நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்லப்போகிறாள். கூடப் பிறந்தவன், என்ன செய்வது? பார்த்த வேலையெல்லாம் பாதியில் விட்டவன். இந்தக் கடையும் படுத்துவிட்டால் மறுபடி அவள் வீட்டு சோபாவில்தான் வந்து படுப்பான். போன தடவை படுத்தவனைக் கிளப்புவதற்குள் அவளுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

அவள் லாண்டரிக்குப் பக்கத்துக் கடைதான். நடுவில் ஒரே சுவர். காப்பிக்கொட்டையை விளைவித்தவரிடமே நேராக, நல்ல விலை கொடுத்து வாங்கி, தானே வறுத்து விற்றான். பலகையில் 'நியாயக் காப்பி' என்று எழுதிவைத்தான். முதல் கோப்பை அக்காவுக்கு.

முதல் மடக்கிலேயே புளித்தது. காப்பி எங்கேயாவது புளிக்குமா?

"அது பழத்தோட புளிப்புக்கா. நாக்குல கொஞ்சம் நிறுத்திப் பாரு, ஆரஞ்சு மாதிரி வரும்."

அக்கா நிறுத்திப் பார்த்தாள். கண்ணில் தண்ணீர்தான் வந்தது. "ஆமாண்டா, வருது" என்றாள்.

அன்றிலிருந்து துவைக்கப் போட்ட பேன்ட்டை வாங்க வந்தவர் கையில் ஒரு காப்பி பாக்கெட்டையும் திணித்துத்தான் அனுப்பினாள். வேண்டாம் என்றவர்களின் சட்டை அன்றைக்கு மட்டும் தேடினாலும் கிடைக்காது. வியாபாரம் மெல்லச் சூடு பிடித்தது. தம்பி முகத்தில் வெகுகாலம் கழித்துச் சிரிப்பைப் பார்த்தாள். அதற்காக எத்தனை புளிப்பை வேண்டுமானாலும் குடிக்கலாம் என்று தோன்றியது.

அத்தோடு விட்டானா? ஒருநாள் அவள் கடைக்குள் வந்து, துணி உலர்த்தும் மெஷினைப் பழைய பகையாளியைப் பார்ப்பதுபோல் பார்த்தான்.

"இது எவ்ளோ கரண்ட் இழுக்கும் தெரியுமாக்கா? வெளிய வெயில் சும்மா கெடக்குது."

வெயில் சும்மாதான் கிடந்தது. காயப்போட ஆள் வேண்டுமே. அக்காவே கடைக்குப் பின்னால் கயிறு கட்டினாள். தம்பிக்குப் பெருமை தாங்கவில்லை. "எங்க அக்கா கடையில எல்லாம் வெயில்லதான் காயுது" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னான். இனி மெஷினைப் போடவும் வழியில்லை.

அடுத்து மாடி வீட்டுக்காரர் காப்பி வறுக்கிற புகை வருகிறது என்று சத்தம் போட்டார். தம்பி நியாயவான் அல்லவா? யாருக்கும் தொந்தரவு கூடாதென்று புகைக்குழாயைக் கடைக்குப் பின்னால் திருப்பிவிட்டான். அங்கே என்ன இருக்கிறதென்று எட்டிப் பார்த்தானா என்று கேட்காதீர்கள்.

அந்த வாரமே லாட்ஜ் மேனேஜர் மூட்டையோடு வந்து நின்றார். லாட்ஜ் துணி போனால் லாண்டரி வியாபாரத்தில் பாதி போச்சு.

"ஷீட் வெள்ளையாத்தான் இருக்கு மேடம். ஆனா படுக்கிறவங்களுக்குத் தூக்கம் வரல. ஒருத்தர் போர்வையோட எறங்கி வந்து, காப்பி எங்க போடுறீங்க, எனக்கும் ஒண்ணு குடுங்கன்னு நிக்கிறாரு. இன்னொரு தடவை இப்படி வந்தா நான் வேற எடம் பாத்துக்கறேன்."

அக்கா ஒரு ஷீட்டை எடுத்து மோந்து பார்த்தாள், காப்பிப் புகை. அவள் புருஷன், "உன் தம்பிகிட்டச் சொல்லேன்" என்றார். எப்படிச் சொல்வது? இப்போதுதான் தலை நிமிர்ந்து நடக்கிறான். சொன்னால் மனசு விட்டுப்போகும், கடையை மூடிவிட்டு சோபாவுக்கு வந்துவிடுவான். மென்று விழுங்கிக்கொண்டாள். பக்கத்துக் கடையில் வறுக்கும் மெஷின் கடகடவென்றால் ஓடிப்போய் ஷீட்டுகளை எடுப்பாள். நின்றால் ஓடிப்போய்த் திரும்பப் போடுவாள். ஈரத் துணியைத் தூக்கிக்கொண்டு ஓடி ஓடி முட்டி இரண்டும் விண்டுபோயின.

இப்படியிருக்க, தம்பி வாடிக்கையாளர்களை அழைத்து ஒரு கூட்டம் போட்டான். கடை நிறைய ஆள். அக்கா கையில் கோப்பையோடு முன்வரிசையில் நின்றாள். பின்னால் கயிற்றில் சாயங்காலம் லாட்ஜுக்குப் போகவேண்டிய துணி அத்தனையும் தொங்கியது.

தம்பி சுவரிலிருந்த படத்தைக் காட்டினான். கொட்டை விளைவிக்கிறவர். "அவருக்கு இப்போ முட்டி வலி. மலை ஏற முடியல. மெதுவா அனுப்புங்க, அவசரமில்லைன்னு சொல்லிட்டேன். நம்ம காப்பியால ஒரு மனுஷன்கூடக் கஷ்டப்படக் கூடாது." எல்லோரும் தலையாட்டினார்கள். "இப்போ உங்க கண் முன்னாடியே வறுக்கப்போறேன். அதுக்குள்ள என் முதல் கஸ்டமர், எங்க அக்கா, ரெண்டு வார்த்தை பேசுவா."

மெஷின் கடகடவென்றது. அக்காவின் கால் தானாக வாசலுக்குத் திரும்பியது.

"எங்கக்கா போற? பேசு."

"நல்ல காப்பி" என்று ஆரம்பித்தாள். அதற்குமேல் வரவில்லை. உள்ளே அத்தனை நாள் அடக்கிவைத்ததுதான் வந்தது.

"எங்கேயோ மலையில இருக்கிற மனுஷனோட முட்டி வலி உனக்குத் தெரியுது. உன் பொகைக்குப் பயந்து நாள் பூரா ஷீட்டைத் தூக்கிட்டு ஓடறேனே, சுவத்துக்கு அந்தப் பக்கம் ஒருத்திக்கு முட்டி இருக்கிறது உனக்குத் தெரியுமாடா?"

யாரோ ஒருவர் கோப்பைக்குள்ளேயே சிரித்து இருமினார். தம்பி கைநீட்டி மெஷினை நிறுத்தினான். பாதியில் நிறுத்தினால் கொட்டை குப்பைக்குத்தான் போகும், அவனுக்கா தெரியாது? நிறுத்திவிட்டுப் பின்னால் ஓடினான். அக்கா போய்ப் பார்க்கும்போது கயிற்றில் தொங்கிய போர்வையில் முகத்தைப் புதைத்து மோந்துகொண்டிருந்தான்.

"ஏன்கா சொல்லல?"

"நீ கேக்கலயே."

அவன் கண்ணைத் துடைத்துக்கொள்ளக் கையில் கிடைத்தது லாட்ஜ் போர்வைதான். எப்படியும் திரும்பத் துவைக்கத்தானே போகிறது என்று அக்கா விட்டுவிட்டாள். லாட்ஜுக்கு அவனே போய், தப்பு தன்னுடையது என்று சொல்லி ஒருநாள் தவணை வாங்கி வந்தான்.

கடையை மூடவில்லை. சோபாவுக்கும் வரவில்லை. இப்போதெல்லாம் வறுப்பதற்கு முன்னால் லாண்டரி வாசலில் வந்து நிற்கிறான். "போடட்டுமாக்கா?" என்கிறான்.

சில நாள் கயிற்றில் ஒரு கைக்குட்டைகூட இருக்காது. அப்போதும் அக்கா, "கொஞ்சம் இரு" என்கிறாள். நிற்கட்டுமே.