பலூன் டயரில் காற்று

கொட்டகைக் கதவைக் காலால் அணைத்துப் பிடித்துக்கொண்டு அவள் பம்பை அமுக்கினாள். ஒவ்வொரு அமுக்குக்கும் அது புஸ் புஸ்ஸென்று சத்தம் போட்டது. கூடத்தில் பெரியப்பாவைக் கிடத்தியிருந்தார்கள். அங்கே யாராவது பெரிதாக அழும் நேரம் பார்த்து அமுக்கினாள். அழுகை அடங்கினால் கையை நிறுத்தினாள்.

படகு வண்டியின் இடது சக்கரம் தரையோடு தரையாகச் சப்பிக் கிடந்தது. வால்வின் மூடியையும் காணோம். யார் கண்ணிலும் படுவதற்குள் அதைப் பழையபடி உப்ப வைத்துவிட வேண்டும்.

பெரியப்பா முப்பத்திரண்டு வருஷம் பஸ் ஓட்டியவர். ஓய்வு பெற்ற மறுமாதம் ஒரு கயாக் வாங்கினார். ஒரே ஆள் உட்கார்ந்து துடுப்புப் போடும் ஒல்லிப் படகு. படகு வாங்க ஒரு நாள்தான் ஆனது. அதை வீட்டிலிருந்து ஏரிக்கு உருட்டிப் போகும் வண்டிக்குச் சக்கரம் தேட இரண்டு மாதம் ஆனது. காற்றே தேவைப்படாத கெட்டி ரப்பர் சக்கரத்தை அப்பா காட்டினார். பஞ்சர் என்ற பேச்சே கிடையாது என்றார்.

"டேய், தார் ரோட்டுக்கு அது சரி. கரை மணல்ல கத்தி மாதிரி இறங்கிடும். அப்புறம் நீதான் வந்து இழுக்கணும்" என்று சொல்லிவிட்டு, பெரியப்பா பலூன் மாதிரி அகலமான டயர்களை வாங்கினார். "இதுல ஒரே தொல்லை காத்துதான். அதுக்குத்தான் நம்ம கண்டக்டர் இருக்காளே."

கண்டக்டர் என்றால் அவள்தான். பதினாறு வயது. சனிக்கிழமை சாயங்காலம் சக்கரங்களைக் கழற்றி, அச்சில் ஒட்டிய மணலைக் கழுவி, கிரீஸ் தடவி, பின்னைத் திரும்ப மாட்ட வேண்டும். பிறகு கட்டைவிரலால் டயரை அமுக்கிப் பார்க்க வேண்டும். அரை நகம் உள்ளே போனால் சரி. அதற்கு மேல் போனால் பம்பை எடுக்க வேண்டும்.

நேற்று சனிக்கிழமை. "கண்டக்டர், காத்து பாத்தாச்சா?" என்று மாடியிலிருந்து குரல் வந்தது. அவள் போனிலிருந்து தலையைத் தூக்காமல், "ஆச்சு, ரைட், போலாம்!" என்றாள்.

கொட்டகைப் பக்கமே அவள் போயிருக்கவில்லை.

இன்று விடிகாலையில் ஏரிக்குப் போன பெரியப்பா உயிரோடு திரும்பவில்லை. துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள். மணலில் படகை இழுத்திருக்கிறார், நெஞ்சு தாங்கவில்லை. யாருக்கும் நேரில் தெரியாது. ஒருவர் சொன்னதை அடுத்தவர் சொன்னார். அதைக் கேட்டுக் கேட்டு அவள் மெல்ல எழுந்து பின்பக்கம் நழுவினாள். கொட்டகைக்கு வந்து பார்த்தால் சக்கரம் இந்த லட்சணத்தில் இருந்தது.

"எங்கடி போய்த் தொலைஞ்ச? உங்கப்பனுக்கு ஒரு வாய் தண்ணி குடு" என்று சமையலறை வாசலில் அத்தையின் குரல் கேட்டது.

"இதோ வரேன் அத்தை."

கதவு தள்ளிக்கொண்டு திறந்தது. வந்தது அத்தை இல்லை. ஏரிப் பூங்காவின் காவல்காரர். பெரியப்பா இறந்து கிடந்ததை முதலில் பார்த்தவர், படகைத் தள்ளிவந்து கொட்டகையில் விட்டுப்போனவர்.

"காத்து அடிக்கிறியாம்மா? அடி, அடி. இந்த மூடி என் சட்டைப் பையிலயே தங்கிடுச்சு. அதைக் குடுக்கத்தான் வந்தேன்."

அவள் கை பம்பிலேயே நின்றது. "மூடி எப்படி உங்ககிட்ட?"

"நான்தானே காத்தை எறக்கினேன். படகு கொண்டுவரணுமேன்னு பூங்கா பெரிய கேட்டு சாவியைப் பெரியவர்கிட்ட குடுத்திருந்தேன். அது அவர் பாக்கெட்டோட போயிடுச்சு. சின்னக் கேட்டு வழியா இந்தக் குண்டு டயரு நுழைவேனாங்குது. சக்கரத்தைக் கழட்டவா தெரியும் எனக்கு? ஒரு பக்கம் காத்தைப் புடுங்கி விட்டுட்டு இடிச்சுத் தள்ளிக் கொண்டாந்தேன்."

"அப்போ காலைல... காலைல காத்து இருந்துச்சா?"

"ஏன் இல்லாம? ரெண்டு சுத்து போய்ட்டு வந்தாரு. படகை வண்டில ஏத்தி, ஒத்தை விரல்ல மணல் மேல தள்ளிக்கிட்டு வந்து பெஞ்சுகிட்ட நிறுத்துனாரு."

"ஒத்தை விரல்லயா?"

"எல்லாம் எனக்குப் பந்தா காட்டத்தான். 'பாருய்யா, எங்க கண்டக்டர் செக் பண்ண வண்டி'ன்னாரு. அப்புறம் உக்காந்து டீ குடிச்சாரு. சக்கரை கம்மின்னு என்னைத் திட்டினாரு. நான் உள்ள போய் சக்கரை எடுத்துட்டு வர்றதுக்குள்ள..."

அவர் துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"இழுக்கலையா அவரு? மூச்சு வாங்கலையா?"

"மூச்சு வாங்குறவரு அந்தத் திட்டு திட்டுவாரா?"

அவள் தரையைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னாள். "நேத்து நான் செக் பண்ணல. பண்ணிட்டேன்னு பொய் சொன்னேன்."

காவல்காரர் சக்கரத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"போன வாரம் பாத்தியா?"

"பாத்தேன்."

"அதுக்கு முந்தின வாரம்?"

"எல்லா வாரமும் பாத்தேன். நேத்துதான்..."

"அப்ப போன வாரக் காத்துல ஓடியிருக்கு. டயரு என்ன பாலா, ஒரு நாள்ல கெட்டுப்போக? விடும்மா." பம்பை அவள் கையிலிருந்து வாங்கி ஓரமாக வைத்தார். "உள்ள போ. உன்னைத் தேடுறாங்க."

அப்பாவுக்குத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தாள். பிறகு பெரியப்பாவின் கால்மாட்டில் இருந்த பெஞ்சில் இடம் தேடி அத்தையின் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஆட்கள் வந்தார்கள், நின்றார்கள், போனார்கள். யாரோ மறுபடியும், "மணல்ல படகை இழுத்தாராமே" என்று ஆரம்பித்தார்.

"இழுக்கல. டீ குடிச்சிட்டு இருந்தாரு" என்றாள் அவள். குரல் கொஞ்சம் சத்தமாகவே வந்துவிட்டது. அத்தை திரும்பிப் பார்த்தாள்.

கொஞ்ச நேரத்தில் அவள் தலை சாய்ந்து அத்தையின் தோளில் விழுந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. அழுகைச் சத்தத்துக்கு நடுவே மெல்லிய குறட்டை கேட்டது.

"எழுப்பட்டுமா அக்கா? பாக்கிறவங்க என்ன நெனைப்பாங்க?" என்று பக்கத்தில் இருந்தவள் கையை நீட்டினாள்.

அத்தை வேண்டாமென்று தலையசைத்தாள். கை மரத்துப்போய்க்கொண்டிருந்தது. ஆனாலும் தோளை அசைக்காமல், அடுத்து வந்தவர்களுக்குத் தலையை மட்டும் ஆட்டினாள்.