இழுவைக் குமிழ்

சனிக்கிழமை காலை பத்தேகால் இருக்கும். வில்லாபுரத்தில் தன் வீட்டு மாடி அறையில் ரூபினா டீ கிளாஸை எடுக்கக் கை நீட்டினாள். முழங்கை கணினியின் கீபோர்டில் இடித்தது. பாட்டு ஓடியபடியே மேஜையில் கழற்றி வைத்திருந்த ஹெட்போன் கத்தியது.

காதில் மாட்டியிருக்கவில்லை. ஒரு முழம் தள்ளித்தான் கிடந்தது. இருந்தும் அந்தக் கிறீச்சல் பல்லில் ஏறியது. கீழே சமையலறையிலிருந்து மாமியார் சுல்தான் பீவி, "என்னம்மா அது, குக்கர் விசிலா?" என்று கேட்டார். ரூபினா ஒயரைப் பிடுங்கிவிட்டுத் திரையைப் பார்த்தாள். அவள் எழுதிய ஒலி மென்பொருளின் இழுவைக் குமிழ் நூறில் நின்றது. ஒரு நொடிக்கு முன்னால் அது பூஜ்ஜியத்தில் இருந்தது. முழங்கை இடித்தது 'எண்ட்' என்ற பட்டனில்.

அவளுக்கு உடனே விளங்கிவிட்டது. இதே மென்பொருளை நேற்றுச் சாயங்காலம் பரவையில் இருக்கும் லாசருக்கு அனுப்பியிருந்தாள். "நாளைக்கு ஸ்கூல் லீவுதான், பதினோரு மணிக்கு ஹெட்போனை மாட்டிக்கிட்டு உக்காந்திருவேன்" என்று அவர் சொல்லியிருந்தார். லாசருக்குக் கண் தெரியாது. அவர் மவுஸைத் தொடுவதே இல்லை. எல்லாமே பட்டன்தான்.

பழைய கிதார் ஆம்ப்ளிஃபயர்களுக்குள் ஒரு தகரப் பெட்டி இருக்கும். அதற்குள் மெல்லிய ஸ்பிரிங்குகள் கட்டியிருக்கும். ஒலி ஒரு முனையில் ஏறி, ஸ்பிரிங் வழியாக ஓடி, மறுமுனையில் மோதித் திரும்பி, மறுபடி ஓடி, கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல நடுங்கிக்கொண்டு வெளியே வரும். அந்த நடுக்கத்துக்காகவே அதை விரும்புகிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். தகரமும் இல்லாமல் ஸ்பிரிங்கும் இல்லாமல் வெறும் கணக்காலேயே அதைச் செய்யும் மென்பொருளை ரூபினா இரண்டு வருடமாக எழுதிக்கொண்டிருந்தாள். திரையில் ஒரு பெட்டியும் அதில் சில குமிழ்களும். எத்தனை ஸ்பிரிங், எவ்வளவு இழுவை, ஒலி எவ்வளவு நேரம் நிற்க வேண்டும். கூடவே ஒரு பொத்தான், அதை அமுக்கினால் பெட்டியைக் காலால் எத்திய மாதிரி ஓர் இடி.

லாசர் ஒரு மிஷன் பள்ளியில் பாட்டு வாத்தியார். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஆர்கன் வாசிப்பார். எட்டு மாதத்துக்கு முன்னால் அவரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. உங்கள் சாமான் நன்றாக இருப்பதாகக் கேள்வி, ஆனால் என்னால் உள்ளேயே நுழைய முடியவில்லை, குமிழ் எங்கே இருக்கிறது என்று என் கணினி எனக்குச் சொல்ல மாட்டேன் என்கிறது என்று எழுதியிருந்தார். ரூபினாவுக்கு வெட்கமாகப் போயிற்று. அவருக்காகவே பட்டன்களை வைத்தாள். அம்புக்குறியை அமுக்கினால் குமிழ் ஒன்றொன்றாக ஏறும். 'ஹோம்' என்றால் அடிமட்டம், 'எண்ட்' என்றால் உச்சம். ஒவ்வொன்றையும் கணினி வாய்விட்டுச் சொல்லும்.

கோளாறு அங்கேதான் இருந்தது. மவுஸால் திருகினால் குமிழ் நடுவில் இருக்கும் எல்லா எண்களையும் தொட்டுக்கொண்டுதான் மேலே போகும். எண்ட் அமுக்கினால் பூஜ்ஜியத்திலிருந்து நூறுக்கு ஒரே தாவு. அந்தத் தாவலில் அவள் கணக்கு தடம் புரண்டது. ஒவ்வொரு சுற்றிலும் தேய வேண்டிய ஒலி தேயாமல் வளர்ந்தது. எண்ட்டை அவள் சோதிக்காமல் இல்லை. "நூறு" என்று குரல் சரியாகச் சொல்கிறதா என்று மட்டும் பார்த்தாள். அப்போது பாட்டு எதுவும் ஓடவில்லை.

லாசருக்குப் போன் போட்டாள். அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்றது. பாட்டு வேலையில் உட்கார்ந்தால் அவர் போனை அணைத்துவிடுவார், அது அவளுக்குத் தெரியும். மறுபடியும் போட்டாள். கோப்பை வைத்திருந்த இணையப் பக்கத்தைத் திறந்து அழித்தாள். அழிப்பதற்கு முன்னால் அதன் பக்கத்தில் 'ஒருமுறை இறக்கப்பட்டது' என்று இருந்ததைப் பார்த்துவிட்டாள். அவர் மனைவி பிலோமினாளின் நம்பர் அவளிடம் இல்லை.

துப்பட்டாவைத் தலையில் சுற்றிக்கொண்டு படியிறங்கினாள். "எங்கம்மா இம்புட்டு அவசரமா?" என்று சுல்தான் பீவி கேட்டதற்கு, "பரவை வரைக்கும் போயிட்டு வாரேன் மாமி" என்று மட்டும் சொல்லிவிட்டு ஸ்கூட்டரை எடுத்தாள்.

தெற்குவாசல் பாலத்தில் வண்டிகள் நகரவில்லை. முன்னால் நின்ற ஷேர் ஆட்டோக்காரர் அவசரமில்லாமல் யாருடனோ பேசிக்கொண்டிருந்தார். ரூபினா மணியைப் பார்த்தாள். பத்து முப்பத்தெட்டு. பெரியார் பஸ் நிலையம் தாண்டும்போது பத்து ஐம்பது. லாசர் ஒருமுறை சொன்னது அவள் கேட்காமலேயே ஞாபகத்துக்கு வந்து நின்றது. "நீங்க ரோட்டைப் பாத்துக் கடக்குறீங்க, நான் கேட்டுக் கடக்குறேன், அம்புட்டுத்தான் வித்தியாசம்." கதவு திறந்திருக்கிறதா சாத்தியிருக்கிறதா என்பதைக்கூட அறைக்குள் வரும் சத்தத்தை வைத்தே சொல்வார்.

இன்னொன்றும் ஞாபகம் வந்தது. அதை நினைக்காமல் இருக்கப் பார்த்தாள், முடியவில்லை. மூன்று மாதத்துக்கு முன்னால் அவர் கேட்டிருந்தார். "எம்புட்டுத் திருகினாலும் இதுக்கு மேல சத்தம் போகாதுன்னு ஒரு வரம்பு வைங்களேன் ரூபினா." அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள், "ஸ்பிரிங்னா கொஞ்சம் முரண்டு பிடிக்கணும் அண்ணே. மேல மூடி போட்டா உசுரு போயிரும்." அவர் அதற்குமேல் வற்புறுத்தவில்லை.

ஆரப்பாளையத்தில் சிக்னல். ஆற்றைக் கடந்து விளாங்குடி. அதற்கப்புறம் காய்கறி ஏற்றிய லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக மார்க்கெட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு லாரி ஹாரனுக்கும் அவள் தோள் குறுகியது. எண்ட்டைத் தொடாமலே இருந்திருக்கலாம், அம்புக்குறியிலேயே நிதானமாக ஏற்றிப் பார்க்கிறவராக இருக்கலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அவர் அப்படிப்பட்டவர் இல்லை என்பது அவளுக்குத் தெரியும். எதைக் கொடுத்தாலும் முதலில் அடிமட்டத்தையும் உச்சத்தையும்தான் பார்ப்பார்.

வீட்டை அடைந்தபோது பதினொன்று பத்து. கதவு திறந்திருந்தது. உள்ளே ஹெட்போன் தரையில் கிடந்து இன்னும் கிறீச்சிட்டுக்கொண்டிருந்தது. லாசர் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து இடது காதை உள்ளங்கையால் மூடியிருந்தார்.

"லாசர் அண்ணே" என்றாள் ரூபினா.

அவர் ஜன்னல் பக்கம் திரும்பினார். அவள் நின்றது வாசலில்.

இத்தனை மாதத்தில் ஒரு தடவைகூட அவர் குரல் வந்த திசை தவறித் திரும்பி அவள் பார்த்ததில்லை. போய்க் கணினியை அணைத்தாள். கிறீச்சல் நின்றது. அது நின்றதுகூட அவருக்குத் தெரிந்ததா என்று அவளால் சொல்ல முடியவில்லை.

"யாரு?" அவர் தேவைக்கு மேல் சத்தமாகப் பேசினார். "ரூபினாவா? எந்தப் பக்கம் இருக்கீங்க?"

பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைத் தொட்டாள். கை ஜில்லென்று இருந்தது. "இடது காதுல மட்டுந்தான் மாட்டியிருந்தேன், வலது காது கணினி பேசுறதைக் கேக்க. இப்ப இடது காதுல பஞ்சு அடைச்ச மாதிரி இருக்கும்மா. உள்ள ஒரு ஊளை. பிலோமினா மார்க்கெட்டுக்குப் போயிருக்கா, அவகிட்ட இப்பச் சொல்லாதீங்க, பயந்துருவா."

சொல்லாமல் இருக்க வழியில்லை. அப்போதே பிலோமினாள் பையோடு உள்ளே வந்தாள். தரையில் உட்கார்ந்திருக்கும் கணவனையும், அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழும் பெண்ணையும் பார்த்துப் பையைக் கீழே வைத்தாள்.

"நான் அனுப்புனதுதான் அக்கா" என்றாள் ரூபினா. "அதுல கோளாறு இருந்துச்சு. காலையிலதான் கண்டுபிடிச்சேன். போன் போட்டேன், எடுக்கல."

பிலோமினாள் கத்தவில்லை. "எந்திரிங்க. ஆட்டோ பிடிக்கிறேன்" என்று மட்டும் சொன்னாள். ஆட்டோவில் கணவனுக்கு வலப்பக்கம் அவள் உட்கார்ந்துகொண்டாள். ரூபினா ஸ்கூட்டரில் பின்னால் போனாள்.

காது டாக்டர் லாசரைக் கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து ஒவ்வொரு சுருதியாகக் கேட்க வைத்தார். சத்தம் கேட்டால் அவர் விரலைத் தூக்க வேண்டும். வெளியே நின்று கண்ணாடி வழியாக ரூபினா அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். வலது காதுக்கு விரல் தயங்காமல் எழுந்தது. இடது காதுக்கு வந்ததும் மடிமேல் கிடந்தது. டாக்டர் சத்தத்தைக் கூட்டினார். இன்னும் கூட்டினார். விரல் அசையவில்லை.

"சத்த அதிர்ச்சி" என்றார் டாக்டர். "மாத்திரை தாரேன். முதல் ரெண்டு வாரம் முக்கியம். நிறையப் பேருக்குத் திரும்பி வரும். எம்புட்டு வரும்னு இப்பச் சொல்ல முடியாது."

வெளியே வராந்தாவில் பிலோமினாள் முதல்முறையாக அவள் முகத்தைப் பார்த்துப் பேசினாள். "வரம்பு ஒண்ணு வைக்கச் சொல்லிக் கேட்டேன்னு இவர் எங்கிட்டச் சொன்னார். நீ வேணாம்னியாமே?"

"ஆமாக்கா."

"ஏன்?"

சத்தம் உயிரோடு இருக்க வேண்டும், வாங்குகிறவர்களுக்கு அந்த முரட்டுத்தனம் பிடிக்கும் என்பதெல்லாம் வாய்வரை வந்து நின்றுவிட்டது. "எனக்கு அது அழகா இருந்துச்சு" என்றாள் ரூபினா. பிலோமினாள் மருந்துச் சீட்டை மடித்துக்கொண்டாள். மருந்துக் கடைப் பக்கம் நடந்தாள்.

அந்தப் பதினைந்து நாளும் ரூபினாவுக்கு நிம்மதி இல்லை. புருஷன் முகமது ஆசிப், "நீ வேணும்னா செஞ்ச?" என்று கேட்டான். இல்லைதான், ஆனால் அது பதிலாகவில்லை. ஒரு நாள் அவனி‌யாபுரம் ரோட்டோரம் நின்று, இடது காதில் விரலை வைத்து அடைத்துக் கண்ணை மூடிப் பார்த்தாள். பஸ் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று தெரியவில்லை. ஹாரன் மேலே வந்து விழுந்தபோது கண்ணைத் திறந்துவிட்டாள். அவளால் திறக்க முடிந்தது.

பிலோமினாள் தினமும் ஒரே ஒரு வரி அனுப்புவாள். 'இன்னைக்குச் சுவரில் இடித்துக்கொண்டார்.' 'இன்னைக்குக் கோயிலுக்குப் போகவில்லை.' ஒன்பதாம் நாள், 'பிரஷர் குக்கர் இடதுபக்கம் கேட்கிறது என்கிறார்.' அதைப் படித்துவிட்டு ரூபினா மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அன்றைக்குத்தான் கணினியைத் திறந்தாள். குமிழை யார் எவ்வளவு வேகமாகத் தாவவிட்டாலும் உள்ளே இருக்கும் கணக்கு மெதுவாகத்தான் ஏறும்படி மாற்றினாள். ஒலிக்கு உச்சவரம்பு வைத்தாள், அதை அணைக்க யாருக்கும் பொத்தான் வைக்கவில்லை. பெட்டியை எத்தும் இடியையும் அதே வரம்புக்குள் அடக்கினாள். முன்னே இருந்த முரட்டுத்தனத்தில் பாதி போய்விட்டது. அதற்காக அவளுக்கு வருத்தம் வரும் என்று காத்திருந்தாள், வரவில்லை. ஆனால் தன் கணக்கை அவள் நம்பவில்லை. நூறு தடவை ஓட்டிப் பார்த்தும் நம்பவில்லை.

இரண்டாவது சோதனையில் விரல் எழுந்தது. தாழ்ந்த சுருதிக்கு உடனே, நடுச் சுருதிக்குச் சற்றுத் தயங்கி. மிக உச்சத்தில் இருக்கும் மெல்லிய ஒலிகளுக்கு மட்டும் எழவில்லை. அவை இனித் திரும்புவது கஷ்டம் என்றார் டாக்டர். "காதுக்குள்ள ஒரு கொசு குடியிருக்கு, போக மாட்டேங்குது" என்றார் லாசர். சொல்லிவிட்டு அவள் நின்ற பக்கம் சரியாகத் திரும்பினார்.

இன்னும் ஒரு வாரம் கழித்து அவரே கூப்பிட்டார். "புதுசு முடிஞ்சிருச்சா? கொண்டு வாங்க."

"வேணாம் அண்ணே. வேற யாரையாவது வச்சுப் பாத்துக்கிறேன்."

"எனக்காகத்தான பட்டன் வச்சீங்க? வேற யாரு பாப்பாங்க?"

பரவை வீட்டில் பிலோமினாள் நாற்காலியைத் தள்ளிப் போட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். ரூபினா கணினியை லாசர் முன்னால் வைத்தாள். ஹெட்போனை எடுத்துத் தன் காதில் மாட்டிக்கொண்டாள்.

"முதல்ல நான் கேக்குறேன்" என்றாள். "நீங்க என்ன வேணா அமுக்குங்க. சொல்லாம அமுக்குங்க."

லாசர் விரல்களைக் கீபோர்டின்மேல் வைத்தார். கணினியின் குரல் வெளியே ஒலிபெருக்கியில் எண்களைச் சொன்னது. தபேலாத் துணுக்கு ஒன்று ஓட ஆரம்பித்தது. ரூபினா நாற்காலியின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். கழுத்து நரம்பு துடிப்பது ஹெட்போனுக்குள்ளேயே கேட்டது. எந்த விரல் எப்போது எங்கே இறங்கும் என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பது எப்படி என்பது அப்போதுதான் புரிந்தது. கண்ணை மூடாமல் இருக்கப் பார்த்தாள், தானாக மூடிக்கொண்டது.

அவர் ஈவு இரக்கமில்லாமல் அமுக்கினார். உச்சம், அடிமட்டம், உச்சம், நடுவில் இடி, மூன்று ஸ்பிரிங், ஒன்று, மறுபடி இடி. ஒவ்வொரு தாவலுக்கும் அவள் உடம்பு தூக்கிப்போட்டது. ஒலி ஒவ்வொரு தடவையும் எழும்பி, ஓரிடத்தில் நின்று, நடுங்கித் தேய்ந்தது. பத்து நிமிடத்துக்கு மேல் ஆகியிருக்கும். அவர் கையை எடுத்தார்.

ரூபினா ஹெட்போனைக் கழற்றினாள். நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது. அவர் வாங்கிக்கொள்ளக் கை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை.

"நாளைக்கு ஒரு நாள் இன்னும் நான் கேக்குறேன் அண்ணே" என்றாள். "அப்புறம் தாரேன்."

லாசர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் பிலோமினாள் முந்திக்கொண்டாள். "அவ சொல்றபடி இருக்கட்டும்" என்றாள். பிறகு ரூபினாவைப் பார்த்து, "நாளைக்குப் பத்து மணிக்கு வா. எனக்கும் ஒண்ணு மாட்டிவிடு, நானும் கேக்குறேன்" என்றாள்.