இஸ்திரி அக்காவின் இருக்கை

குழந்தை போய்விட்டது, வயிறு மட்டும் போகவில்லை. ஏழாம் மாதக் கடைசியில் உள்ளே அசைவு நின்றுபோய், மருத்துவமனையில் நாளெல்லாம் வலியெடுத்துப் பெற்றேன். பெண். அழவில்லை. துணியில் சுற்றி ஒரே ஒரு முறை கையில் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்த பிறகும் என் வயிறு, நடந்த எதுவும் தனக்குத் தெரியாது என்பதுபோல முன்னால் தள்ளிக்கொண்டு நின்றது. எனக்கு அதன்மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. ஒரு பிள்ளையைப் பத்திரமாக வைத்துக்கொள்ளத் தெரியாத வயிற்றுக்கு இந்த வீம்பு எதற்கு?

விடுப்பு முடிந்து வேலைக்குக் கிளம்பினேன். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பில் போடும் வேலை. முதல் நாள் பேருந்தில் ஏறியதும், நாற்பதைத் தாண்டிய ஒல்லியான பெண் ஒருத்தி இருக்கையை விட்டு எழுந்தாள்.

"இங்க வந்து உட்காரும்மா. வாயும் வயிறுமா இருக்கற பொண்ணு நின்னுக்கிட்டு வரலாமா?"

பேருந்தே திரும்பிப் பார்த்தது. இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அத்தனை பேர் முன்னால் எதைச் சொல்வது, எங்கே ஆரம்பிப்பது? உட்கார்ந்துவிட்டேன்.

"எத்தனாவது மாசம்?"

"ஏழு."

யோசித்துச் சொன்ன பொய் இல்லை அது. எங்கள் கணக்கு அங்கேதான் நின்றுபோயிருந்தது.

அவளுக்குத் துணி தைக்கும் கம்பெனியில் இஸ்திரி போடும் வேலை. காலையில் நின்றால் சாயங்காலம் வரை நீராவிக்குள் நிற்க வேண்டும். முன்கையில் வரிவரியாகச் சூட்டுத் தழும்பு. நானோ சக்கரம் வைத்த நாற்காலியில் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பவள். அவள் காலுக்குக் கிடைக்கிற ஓய்வே அந்தப் பேருந்துப் பயணம்தான், அதையும் நான் பிடுங்கிக்கொண்டேன். மறுநாளே வேறு பேருந்தில் போயிருக்கலாம். போகவில்லை. வெட்கங்கெட்டுப் போய் அதே பேருந்துக்குக் காத்திருந்தேன்.

ஏனென்றால் அந்தப் பேருந்தில் மட்டும்தான் என் மகள் உயிரோடு இருந்தாள். "உள்ள என்ன பண்றாங்க மகாராணி?" என்று இஸ்திரி அக்கா கேட்பாள். "காலைல ஒரே ஆட்டம்க்கா" என்பேன். வீட்டில் என் மகளைப் பற்றி யாரும் மூச்சுவிடவில்லை. என் கணவர் லிப்ட் பழுதுபார்ப்பவர். எந்த மாடியில் மாட்டிக்கொண்ட ஆளையும் அலுங்காமல் வெளியே கொண்டுவரத் தெரிந்த மனுஷன், என்னை எப்படி வெளியே கொண்டுவருவது என்று தெரியாமல் அறை வாசலிலேயே நின்றுவிட்டுப் போவார்.

யோகாவை ஆரம்பித்து வைத்தது என் நாத்தனார். ஊதா நிறப் பாய் ஒன்றைச் சுருட்டிக் கொண்டுவந்து சுவரில் சாய்த்தாள்.

"அண்ணி, தினம் கொஞ்ச நேரம் பண்ணுங்க. வயிறு உள்ள போயிடும். பாக்கறவங்க கேள்வி கேக்கறதும் நின்னுடும்."

நல்ல மனசோடுதான் சொன்னாள். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் அவள் சொன்னது சரி. பரிசோதனைக் கூடத்துக்கு வருகிறவர்கள் எல்லாம் என்னைப் பார்த்து, "எப்ப டெலிவரி?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

கட்டிலை நகர்த்தி, பாயை விரித்து, கைப்பேசியைத் தண்ணீர்க் குடத்தில் சாய்த்து வைத்தேன். வீடியோவில் வரும் ஆசிரியைக்கு வயிறு என்ற ஒன்று இருப்பதாகவே தெரியவில்லை. குனிந்து நெற்றியால் முழங்காலைத் தொட்டாள். நான் குனிந்தேன், என் விரல் முழங்காலுக்குக் கீழே போக மறுத்தது. பூனைபோல முதுகை வளைக்கச் சொன்னாள், எருமை எழுந்திருப்பதுபோல எழுந்தேன். முடிவில் மல்லாந்து படுக்க வைத்துத் தேனொழுகும் குரலில், "இப்போது உங்கள் உடம்புக்கு நன்றி சொல்லுங்கள்" என்றாள். எதற்கு நன்றி? என்ன கிழித்ததற்கு? எட்டிச் சத்தத்தை நிறுத்தினேன். அதற்கப்புறம் அந்த இடம் வந்தால் என் கை தானாகவே கைப்பேசிக்குப் போய்விடும்.

ஆனால் விடவில்லை. பிடிக்காத மருந்தைக் குடிப்பதுபோல தினமும் செய்தேன். மூச்சை இழுத்துவிடுகிற நேரத்தில் மட்டும் தலைக்குள் ஓடும் மருத்துவமனை வாசனை கொஞ்சம் விலகியது. அதனால் தூக்கம் வந்தது. தூங்கியதால் காலையில் பசித்தது. குளிர்பெட்டிக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு கைக்குக் கிடைத்ததை நின்றபடியே விழுங்கிக்கொண்டிருந்தவள், தட்டு போட்டு உட்கார்ந்து சாப்பிட்டேன். என் முகத்தில் ரத்தம் ஊறுகிறது என்று நாத்தனார் சந்தோஷப்பட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய பேண்ட் ஒன்றைப் போட்டுப் பார்த்தேன். பொத்தானைப் போட முடிந்தது. இடுப்பில் கைவிட இடம்கூட இருந்தது. கண்ணாடியில் பக்கவாட்டாகத் திரும்பிப் பார்த்தேன். முன்பு இருந்த மாதிரியே இருந்தேன், ஒன்றுமே நடக்காதவள் மாதிரி. அப்படியே தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.

கணவர் ஓடிவந்தார். "என்னாச்சு? நல்லாத்தானே இருக்கு?"

"அவ இருந்த இடம்ங்க அது. அவளுக்குன்னு இருந்த ஒரே இடம். அதையும் காலி பண்ணிட்டேன்."

அவர் அந்த முறை வாசலில் நிற்கவில்லை. உள்ளே வந்து பாயில் உட்கார்ந்து, முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். "மூக்கு உன்ன மாதிரியே இருந்துச்சு" என்றார். அவரும் பார்த்திருக்கிறார் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

மறுநாள் பேருந்தில் முன்வழியாக ஏறி, கூட்டத்துக்குள் ஒளிந்து நின்றேன். இனி எந்த முகத்தோடு அந்த இருக்கையில் உட்காருவது? ஒளிந்து பலனில்லை. இஸ்திரி அக்கா பின்னாலிருந்து கையை ஆட்டினாள். ஆள் வைத்துக் கூப்பிட்டாள். நெருக்கிக்கொண்டு போனேன். வழக்கம்போல எழுந்துவிட்டாள்.

"வேண்டாம்க்கா. நீங்க உட்காருங்க." உட்காராமல் நின்றேன். "குழந்தை இல்லக்கா. மொத நாளே இல்ல. ஏழாம் மாசத்துல செத்துதான் பொறந்துச்சு. உங்ககிட்ட பொய் சொல்லி உட்கார்ந்துட்டேன்."

திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் இருந்தது. அவள் கம்பியைப் பிடித்தபடி என்னையே பார்த்தாள்.

"தெரியும்."

"எப்படி?"

"ஏழு மாச வயிறு பெருசாகும், சிறுசாகுமா? ரொம்ப நாளாவே தெரியும்."

"அப்புறம் ஏன்க்கா தினம் எந்திரிச்சீங்க?"

"இது என்ன கேள்வி? பெத்த உடம்புதானே" என்றாள் இஸ்திரி அக்கா. "உட்காரு."

உட்கார்ந்தேன். என் தோளில் அவள் கை இருந்தது. இறங்கும் இடம் வரும்வரை அழுதேன். இந்த முறை பேருந்து திரும்பிப் பார்த்ததைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. அதுவரை யாரும் என்னிடம் நான் பெற்றவள் என்று சொல்லியிருக்கவில்லை.

சாயங்காலம் பாயை விரித்தேன். குனிந்தேன், வளைந்தேன், மல்லாந்தேன். தேன் குரல் அந்த இடத்துக்கு வந்தது. உடம்புக்கு நன்றி சொல்லுங்கள். என் கை கைப்பேசிக்குப் போகவில்லை. தட்டையாகிவிட்ட வயிற்றின் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டேன். ஏழு மாதம் அவளைச் சுமந்த வயிறு. அவளை வெளியே கொண்டுவந்த வயிறு. அது இழந்ததும் நான் இழந்ததும் ஒன்றுதான், அந்த வீட்டில் அதனிடம்தான் யாரும் துக்கம் விசாரிக்கவில்லை, நானும் சேர்த்து.

நன்றி சொல்லத்தான் பார்த்தேன். "மன்னிச்சுக்கோ" என்றுதான் வந்தது.