மதில் தாண்டிய செம்மறி

ஓநாய்க்கோட்டையில் ரொட்டி அடுப்பைப் பார்த்துக்கொண்டவள் அந்தூசா. புருஷன் பல்கர் இனத்தாரோடு நடந்த சண்டையில் போய்ச் சேர்ந்த பிறகும், தாரஸ் மலைக் கணவாயைக் காக்கும் அந்தச் சின்ன ரோமக் கோட்டையை விட்டு அவள் நகரவில்லை. அரபுப் படை வந்து கோட்டையை வளைத்தபோது அடுப்பில் போட மாவு இருந்தது. இலையுதிர்காலம் முடியும்போது அடுப்பு மட்டும் இருந்தது. கோவேறு கழுதைகளைத் தின்று தீர்த்தாயிற்று. சேணத் தோலை ஊறவைத்து வேகவைத்தார்கள். வெந்த பிறகும் அது சேணமாகவே இருந்தது.

மிச்சமிருந்த ஒரே பிராணி அந்தூசாவின் பெண் செம்மறி, அர்கீரோ. காயம்பட்டவர்களுக்குப் பால் கொடுத்ததால் கத்திக்குத் தப்பியிருந்தது. வாலில் கொழுப்புச் சேரும் இனம் அது. ஊரே பட்டினி கிடந்தும் அதன் வால் தலையணை மாதிரி கொழுத்துத் தொங்கியது.

கோட்டைத் தலைவர் துரோசோஸ் தலைநகரிலிருந்து வந்தவர். போர்க்கலை நூல்களைக் கரைத்துக் குடித்தவர். ஒருநாள் காலை அடுப்படிக்கு வந்து நின்றார்.

"அந்தூசா, உன் ஆடு வேணும்."

"திங்கவா ஐயா?"

"எறிய."

அவரே விளக்கினார். "முற்றுகையில இருக்கிறவன் கொழுத்த ஆட்டை வெளியே எறிஞ்சா எதிரி என்ன நினைப்பான்? உள்ளே சாப்பாடு கொட்டிக் கிடக்குன்னு நினைப்பான். மனசு விட்டுப்போய் மூட்டையைக் கட்டிடுவான். நூல்ல இருக்கு."

"எழுதினவரு பட்டினி கிடந்தவரா?"

"தலைநகர்ல இருந்தவர்."

"அப்பச் சரிதான்" என்றாள் அந்தூசா.

எதிரி ஆட்டின் வயிற்றைக் கிழித்துப் பார்த்தால் தானியம் இருக்க வேண்டுமாம். விதைக்கென்று பூட்டி வைத்திருந்த கடைசிப் பார்லியை ஆட்டின் முன்னால் கொட்டினார்கள். வீரர்கள் சுற்றி நின்று பார்த்தார்கள். மதில் காவல்காரன் சிசின்னியோஸ் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "மெதுவாத் தின்னு மகராசி. நாங்களும் கூடவே மென்னுக்கிறோம்" என்றான். யாரும் சிரிக்கவில்லை. இரண்டு பேர் உண்மையிலேயே மென்றுகொண்டிருந்தார்கள்.

உயிரோடு எறிய அந்தூசா சம்மதிக்கவில்லை. தானே தலையை மடியில் வைத்துக்கொண்டு, காதில் ஏதோ சொல்லிவிட்டு அறுத்தாள். கைகழுவ நெடுநேரம் ஆயிற்று. தண்ணீர் இருந்தது, அது ஒன்றுதான் குறையாமல் இருந்தது.

கல்லெறியும் பொறியில் வைத்து எறிந்தார்கள். அர்கீரோ மதிலைத் தாண்டிப் போய், எதிரிக் கூடாரங்களுக்கு நடுவே விழுந்தது. அங்கே பெரிய ஆரவாரம் எழுந்தது. முற்றுகையிட்டவர்களில் மெலிட்டீனி ஊர்ப் படையின் தலைவன் முகல்லத் மதிலடிக்கு ஓடிவந்தான். எல்லைப்புறத்தில் பிறந்தவன் என்பதால் கோட்டைக்காரர்கள் பேசும் கிரேக்கம் அவனுக்குச் சரளமாக வரும்.

"ரோமாக்காரங்களா! இதை யாரு அறுத்தது?"

"நான்தான்!" என்று மேலிருந்து கத்தினாள் அந்தூசா.

"கழுத்துலதானே? ரத்தம் நல்லா வடிஞ்சுதா?"

"வடிஞ்சுது!"

"அப்ப சாப்பிடலாம். நல்லா இருப்பே அக்கா! நாங்க புல்லை அவிச்சுத் தின்னுட்டு இருந்தோம்!"

துரோசோஸ் சிசின்னியோஸைத் திரும்பிப் பார்த்தார்.

"காலையில கூடாரக் கயித்தை அவிழ்த்துட்டு இருந்தாங்க ஐயா" என்றான் அவன். "இப்பத் திரும்பக் கட்டுறாங்க."

அந்தூசா மதில்மேலேயே உட்கார்ந்துவிட்டாள். கீழே அடுப்பு மூட்டினார்கள். கொழுப்பு உருகும் வாசனை மேலே ஏறி வந்தது. வீரர்களில் சிலர் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள், சிலர் பொத்தவில்லை. எந்தப் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாலும் வாசனையாக அர்கீரோ கூடவே வந்தது. துரோசோஸைப் பிடித்து அதே பொறியில் வைத்துவிடலாமா என்று அவளுக்குத் தோன்றியது. கனமானவர், தூரம் போகமாட்டார் என்று விட்டுவிட்டாள்.

சண்டை வாலில்தான் தொடங்கியது. அந்தப் படையில் மெலிட்டீனிக்காரர்கள் பாதி, தார்சூஸ்காரர்கள் பாதி. ஆடு விழுந்தது எங்கள் கூடார வாசலில், வால் எங்களுக்குத்தான் என்றார்கள் தார்சூஸ்காரர்கள். பேசி வாங்கியது எங்கள் தலைவர் என்றார்கள் மெலிட்டீனிக்காரர்கள். முதலில் அம்மாவை இழுத்தார்கள், பிறகு கத்தியை உருவினார்கள். சாயங்காலத்துக்குள் தார்சூஸ்காரர்கள் குதிரை ஏறிக் கிளம்பிவிட்டார்கள். வாலும் அவர்களோடு போயிற்று. மறுநாள் காலை பனி கொட்டியது. பாதிப் படையை வைத்துக்கொண்டு பனியில் என்ன முற்றுகை? மற்றவர்களும் கயிற்றை அவிழ்த்தார்கள்.

போகும்முன் முகல்லத் நெற்றியில் கட்டோடு கோட்டை வாசலுக்கு வந்தான். "அக்கா, ஆடு அருமையா இருந்துச்சு. எனக்குத்தான் வால் கிடைக்கல."

"எனக்கும்தான்" என்றாள் அந்தூசா.

தந்திரம் நூலில் உள்ளபடியே பலித்தது என்று துரோசோஸ் மேலிடத்துக்குச் சொல்லி அனுப்பினார். அவருக்குப் பெரிய கோட்டை ஒன்றைக் கொடுத்தார்கள். கிளம்பும்போது அந்தூசாவிடம், "எதுக்கும் இன்னொரு ஆட்டைக் கொழுக்க வெச்சுக்கோ" என்றார்.

"அடுத்த தடவை அந்த நூலை எறிஞ்சு பாருங்க ஐயா."

அவர் நின்று யோசித்தார். "கனம் போதாது" என்று சொல்லிவிட்டு, மேலிடம் அனுப்பியிருந்த குதிரையில் ஏறினார்.

மாவு வண்டிகளோடு அவளுக்கென்று ஒரு வெள்ளாட்டையும் அனுப்பியிருந்தார்கள். முதல் நாளே அது பால் சட்டியை உதைத்துக் கவிழ்த்தது. அந்தூசா அதன் முன்னால் குந்தி உட்கார்ந்து, அர்கீரோ எப்படிப்பட்டவள் என்று சொல்லிச் சொல்லித் திட்டினாள். வெகுநேரம் திட்டினாள். காயம்பட்டவர்கள் சுவரோரமாகச் சாய்ந்தபடி பாலுக்குக் காத்திருந்தார்கள்.