தெளிக்காத ஆறு பட்டைகள்

ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்க்கும் மருமகள் கேட்டது ஒரே ஒரு கேள்விதான். சோயா இலையில் பூஞ்சை மருந்து தெளித்தால், தெளித்த செலவுக்காவது விளைகிறதா? இந்தக் கேள்வியைக் கேட்பதே பாவம் என்று மருந்துக் கடைக்காரர் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். நிலம் தர ஒருவரும் முன்வரவில்லை. கடைசியில் மாமனார்தான் பெரிய மனசு பண்ணினார்.

சாலையோர நிலத்தைப் பன்னிரண்டு பட்டைகளாகப் பிரித்து, ஒன்று விட்டு ஒன்றாக அடையாளக் கொடி நட்டாள். கொடி நட்ட ஆறில் மருந்து, மற்ற ஆறில் ஒரு சொட்டுகூடக் கூடாது. போன வருஷச் சோதனை ஆலங்கட்டி மழையில் போனது. இந்த வருஷமும் போனால் சோதனையையே மூடிவிடுவதாக மேலதிகாரி சொல்லிவிட்டார்.

அறுவடையன்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு எடை போட்டாள். பன்னிரண்டு பட்டையும் கிட்டத்தட்ட ஒரே எடை. அவளுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. மருந்து தண்டம் என்று இனி தைரியமாகச் சொல்லலாம்!

விவசாயிகள் கூட்டத்தில் சொல்லவும் சொன்னாள். கடைக்காரரின் முகம் சுருங்கியது. பின்வரிசையில் இருந்த தெளிப்பு வண்டிக்காரர் மட்டும் ரோஷத்தோடு எழுந்தார்.

"என்னம்மா இப்படிச் சொல்றீங்க? பன்னிரண்டு பட்டையும் நான்தான் அடிச்சேன். ஒரு இலை விடல!"

"ஆறு பட்டைதானே அண்ணா?"

"முதல்ல ஆறு. நீங்க பயிற்சிக்குப் போயிருந்த வாரம் உங்க மாமா கூப்பிட்டு மிச்ச ஆறும் அடிக்கச் சொன்னாரே!"

முதலுக்கே மோசம். அவள் மாமனாரைப் பார்த்தாள். அவர் மேல்துண்டைச் சரிசெய்தார்.

"மாமா, அந்த ஆறையும் ஏன் அடிச்சீங்க?"

"பின்னே என்னம்மா? இலையெல்லாம் புள்ளி புள்ளியா ஆயிடுச்சு. ரோட்டுல போறவன் ஒவ்வொருத்தனும் நின்னு பாத்துட்டுப் போறான். மருந்து வாங்க வக்கில்லாதவன்னு நாலு பேர் சொல்ல மாட்டாங்களா?"

"புள்ளி விழணும்னுதானே மாமா அதை விட்டு வச்சேன்!"

"அது உனக்குத் தெரியும். ரோட்டுல போறவனுக்குத் தெரியுமா?"

அவளுக்கு அழுகை முட்டியது. இரண்டு வருஷ உழைப்பு ஒரு கிழவரின் கௌரவத்துக்குத் தீனியாகிவிட்டது. இனி எந்த நிலம், எந்தச் சோதனை? கேட்பாரில்லை. ஆனாலும் பொய் சொல்ல வாய் வரவில்லை. "நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கறேன். மருந்து பலன் தருதா, தரலையான்னு இந்தச் சோதனையில தெரியல," என்றாள்.

யாராவது மாமனாரைக் கண்டிப்பார்கள் என்று எதிர்பார்த்தாள். ஆனால் பக்கத்து நிலத்துக்காரர் அவர் தோளில் தட்டிக்கொடுத்தார். "நானா இருந்தாலும் அடிச்சிருப்பேன். அந்தப் புள்ளியைப் பாத்துதான் நானே என் நிலத்துல இன்னொரு தடவை அடிச்சேன்," என்றார். பாதிப் பேர் "நாங்களும்தான்" என்று தலையாட்டினார்கள்.

கடைக்காரர் சும்மா இருப்பாரா? நோட்டை விரித்துக்கொண்டு எழுந்தார்.

"சரி, அடுத்த பருவத்துக்கு இப்பவே யார் யாருக்கு மருந்து வேணும்? கை தூக்குங்க."

முதலில் உயர்ந்தது மாமனாரின் கை. தூக்கிய கையோடு மருமகள் பக்கம் திரும்பினார்.

"பன்னிரண்டு பட்டைக்கும் எத்தனை கேன் வேணும்னு நீயே கணக்குப் போட்டுச் சொல்லும்மா. நீதானே படிச்சவ."