லாரிப்பேட்டைக்கு ஒதுக்கிய இடம்

மகள் அபிநயா இறந்த பிறகு மஞ்சுளா வெகுநாள் யாரோடும் பேசவில்லை. சங்ககிரிக்குப் பக்கத்தில், நெடுஞ்சாலையை ஒட்டிய அவர்கள் பகுதியில் லாரி நிற்காத தெருவே கிடையாது. லோடு இறக்கிவிட்டு வந்ததும் லோடுக்குக் காத்திருப்பதும் வாசல்களை அடைத்துக்கொண்டு நிற்கும். பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளை பின்னால் வருவதைப் பார்க்காமல் டிரைவர் ரிவர்ஸ் எடுத்துவிட்டார். அப்பன் பூபதி அப்போது சத்தீஸ்கரில் போர்வெல் போடும் ரிக் வண்டியில் வேலையாக இருந்தான். அவன் வந்து முகம் பார்த்து, காரியம் முடித்து, மறுபடி ரிக்குக்கே போனான். போகாவிட்டால் அடுப்பு எரியாது.

ஒரு நாள் காலையில் மஞ்சுளா தலையை வாரி முடிந்துகொண்டு தெருவில் இறங்கினாள். ஒரு வீடு பாக்கியில்லாமல் ஏறி இறங்கினாள்.

“லாரி நிக்கறதுக்குன்னு தனியா ஒரு இடம் வேணுங்க. ஏரியா சபையில எல்லாருஞ் சேந்து கேட்டாத்தான் குடுப்பாங்க. வந்துருங்க.”

பெற்ற வயிறு கேட்கும்போது யாரால் மறுக்க முடியும்? வார்டு ஜனங்கள் குறை சொல்லவென்று கூட்டி, எப்போதும் காலி நாற்காலிகளோடு நடக்கும் அந்தச் சபைக்கு இந்த முறை சமுதாயக் கூடம் கொள்ளாத கூட்டம். வார்டு கவுன்சிலர் குருமூர்த்தி மனமிரங்கித்தான் அலைந்தார். பேரூராட்சியில் தீர்மானம் ஏறியது. லாரிப்பேட்டைக்கு அனுமதியும் வந்தது.

“எந்த இடத்துல, எப்படி வரோணும்னு நீங்களே முடிவு பண்ணிச் சொல்லுங்க” என்றார் அடுத்த சபையில். அந்த ஊர் ஜனங்களை அதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை.

கூடத்துத் தரையில் சாக்பீஸால் தெருக்களை வரைந்தார்கள். அவரவர் வீட்டைக் கண்டுபிடித்து அதன்மேல் நின்று சிரித்தார்கள். மஞ்சுளா கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

“ஒரு பக்கம் நுழைஞ்சு மறுபக்கம் வெளிய போகோணும். உள்ள எங்கயும் ரிவர்ஸே இருக்கக் கூடாதுங்க.”

அதற்குத் தோதாக இரண்டு பக்கமும் ரோடு உள்ள அரசு நிலம் ஓடைப் புறம்போக்கு மட்டும்தான். குருமூர்த்தி அதைச் சுற்றிக் கோடு இழுத்தார். வெளியேறும் வழி வரவேண்டிய இடத்தில், ஓடைக்கரையின் பட்டா இல்லாத வீட்டு வரிசை இருந்தது. அந்த வரிசையில்தான் மஞ்சுளா நின்றுகொண்டிருந்தாள். பக்கத்தில் அண்டை வீட்டு நல்லம்மாள்.



மஞ்சுளாதான் முதலில் பேசினாள். “ரேஷன் கடைக்குப் பின்னால பேரூராட்சி இடம் சும்மா கெடக்குதுங்களே. முதல்ல அங்க எங்களுக்கு ஊடு கட்டிக் குடுக்கறதுன்னு தீர்மானம் போடுங்க. கட்டி முடிச்சதும் நாங்களே எந்திரிச்சுக்கறோம்.”

ரேஷன் கடைத் தெருவில் மாடி வீடு கட்டியிருந்த வேலுசாமி எழுந்தார். லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைக்காரர். அபிநயாவின் சவ ஊர்வலத்தில் கடைசிவரை நடந்தவர்.

“தப்பா எடுத்துக்காத அம்மிணி. அந்த இடத்தைப் புள்ளைங்க வெளையாடறதுக்குன்னு வெச்சிருக்கறோம். அத்தனை குடும்பம் அங்க வந்தா நெரிசலாயிரும்.”

நெரிசல் என்று அவர் சொன்னது இடத்தை அல்ல, ஓடைக்கரைக்காரர்களை என்று எல்லோருக்கும் விளங்கியது.

“அந்தக் கொழந்தைக்கு அழுத கண்ணு இன்னும் காயலை. அதுக்குள்ள இப்படிப் பேசறீங்களே!” என்றாள் தையல்கடை ஷஹர்பானு.

மஞ்சுளா கேட்டதற்குச் சம்மதமானவர்களைக் கை தூக்கச் சொன்னார் குருமூர்த்தி. ஓடைக்கரைக்காரர்கள் தூக்கினார்கள், ஷஹர்பானு தூக்கினாள், இன்னும் ஓரிருவர். மற்றவர்கள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

குருமூர்த்திக்கே சங்கடமாகிவிட்டது. “ஒண்ணு பண்ணலாமாக்கா. உங்க வரிசையை உட்டுட்டுப் பாதி இடத்துல போட்டுக்கலாம். ஆனா வெளிய போற வழி இருக்காது. வந்த வழியே ரிவர்ஸ்லதான் எடுக்கோணும். நீங்க சரின்னா எல்லாருக்கும் சரி.”

நல்லம்மாள் அவள் கையைப் பிடித்தாள். “சரின்னு சொல்லு கண்ணு.”

ரிவர்ஸில் வரும் லாரி பிள்ளைகள் நடக்கும் தெருவில்தான் வந்து முட்டும் என்பது மஞ்சுளாவுக்குத் தெரியும். ஆனாலும் சரியென்று சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள். லாரியின் பின்சக்கரம் கண்ணுக்குள் வந்தது.

“வேண்டாங்க” என்றாள். “முழு இடத்துலயும் போடுங்க.”

நல்லம்மாள் கையை உதறினாள். “உன்ற புள்ள போயிட்டா. அதுக்கு எங்க புள்ளைங்கள நடுரோட்டுக்கு அனுப்பறியா?”

தீர்மானத்துக்கு ஏறக்குறைய எல்லாக் கைகளும் உயர்ந்தன.

மழைக்கு முன்பே வீடுகளை இடித்தார்கள். கல் குவாரிகளுக்கு நடுவே, பஸ் எப்போதாவது எட்டிப் பார்க்கும் பொட்டல் காட்டில் அடுக்குமாடிக் குடியிருப்பு கொடுத்தார்கள். போனில் விஷயம் கேட்ட பூபதி, “உன்னைய யாரு பேசச் சொன்னது?” என்றான். பிறகு, “சரி உடு, நான் இருந்திருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்” என்றான். அவன் அழுவது கேட்டது.

தை மாதம் ஒரு வேலையாக மஞ்சுளா பழைய தெருவுக்குப் போனாள். ஒரு லாரிகூட இல்லை. நடுத்தெருவில் பிள்ளைகள் ஸ்டம்பு நட்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள். வேலுசாமியின் மனைவி ஓடிவந்து கையைப் பற்றி, “எல்லாம் உன்னாலதான் சாமி. உள்ள வா, காப்பி குடிச்சிட்டுப் போலாம்” என்றாள். அவள் மனதாரத்தான் கூப்பிட்டாள். மஞ்சுளா பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லித் திரும்பினாள்.

குடியிருப்பில் தண்ணீர் வருவதே இல்லை. அந்த ஊராட்சியில் கிராமசபை நடக்கும் நாளில் மஞ்சுளா மறுபடியும் கதவு கதவாகத் தட்டினாள். பலர் திறக்கவில்லை. இடித்ததிலிருந்து அவளோடு ஒரு வார்த்தை பேசாத நல்லம்மாளின் கதவையும் தட்டினாள்.

நல்லம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். “இந்தத் தடவை யாரு ஊட்டை இடிக்கப் போற?”

“தண்ணி கேக்கத்தான்க்கா.”

“இங்க இருக்கறவங்க நம்மள ஊருக்குள்ளயே சேக்கலை. தண்ணி குடுத்துருவாங்களா?”

“கேக்காம இருந்தா நிச்சயமாக் குடுக்க மாட்டாங்க.”

நல்லம்மாள் உள்ளே போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு வந்தாள்.

“தண்ணிக்குன்னா வாரேன். வேற எதுக்கும் உன்ற பின்னால கை தூக்க மாட்டேன், சொல்லிட்டேன்.”

குவாரி லாரிகள் கிளப்பிய புழுதிக்குள் இருவரும் நடந்தார்கள். நல்லம்மாள் சாலையின் மறு ஓரமாகவே வந்தாள்.